பேர் கொடுத்த அக்கா

அந்த அக்காவின் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்தப் பேரைப் போதும் போதும் என்கிற அளவுக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பிரிட்ஜ் வாங்கின லோன் பாரத்தில் எழுதினோம், தையல் மெஷின் பாரத்தில் எழுதினோம், லோடு ஆட்டோ பாரத்தில் எழுதினோம். இனிமேலாவது அது சும்மா கிடக்கட்டும்.

மதுரை பக்கம் பரவை மெயின் ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் அப்ளிகேஷன் போடுவது, கரண்ட் பில் கட்டுவது, எல்லாம் உண்டு. அக்கா மார்க்கெட்டில் வெங்காயம் பிரிக்கிற வேலை பார்த்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, அழுகலைத் தனியே, பொடியைத் தனியே ஒதுக்க வேண்டும். வேலை முடிந்து காலை பத்து பத்தரைக்குக் கடை வழியாக வீட்டுக்குப் போகும். தலைமுடியில் எப்போதும் வெங்காயச் சருகு நாலு ஒட்டியிருக்கும். கவுண்டரில் குனிந்தால் ஒன்றிரண்டு என் கீபோர்டில் விழும். நான் ஊதிவிட்டுக்கொண்டே, "அக்கா, மெஷினுக்கும் கண்ணு எரியப் போகுது" என்பேன். "உன் மெஷினு என்னைய விடப் பெரிய மனுசனா?" என்று கேட்கும்.

வந்தால் ஒரே வேலைதான். ஆதார் கார்டு, பான் கார்டு ரெண்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து நீட்டும்.

"பத்து காப்பி போடு தம்பி."

"பத்து எதுக்குக்கா? போன வாரம்தான ஆறு எடுத்தீங்க?"

"தீந்துபோச்சுப்பா. கேக்குறாகள்ல."

கேட்கிறவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஒருவருக்கு லோன் வேண்டும், ஆனால் அவர் பேரில் கிடைக்காது. ஏற்கெனவே எங்காவது தவணை விட்டிருப்பார், இல்லை பான் கார்டே இருக்காது. அப்போது தெரிந்தவர் ஒருவர் பேரில் எடுப்பார்கள். பேர் ஒருவருடையது, சாமான் இன்னொருவர் வீட்டில். தவணையை அவர் கட்டுவார், கட்டுவார் என்று நம்ப வேண்டும். "பேர் குடுக்கிறது" என்று இதற்குச் சொல்வார்கள். கூடப்பிறந்த தம்பிக்குக்கூடப் பேர் கொடுக்க யோசிக்கிற ஊரில் இந்த அக்கா கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தது.

ஷோரூமிலிருந்து யாராவது போன் போட்டால் வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டன் போனை எடுக்கும். "நம்பரு வந்திருக்கு, எழுதிக்கிறியா?" என்று கேட்டு ஓடிபி எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்லும். மார்க்கெட் முழுக்கக் கேட்கும். எனக்கு அப்படியே பத்திக்கொண்டு வரும். ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"ஏங்க்கா, உங்களுக்குக் கூறு இருக்கா இல்லையா? வாங்கினவன் கட்டாம ஓடிட்டா உங்களைத்தான் வந்து பிடிப்பான்."

அக்கா காப்பிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி போடும். நிமிராமலே சொன்னது.

"எங்க வீட்டுக்காரரு பெரியாஸ்பத்திரில கெடந்தப்ப பதினாலு வீடு ஏறுனேன் தம்பி. பதினாலு வாயும் இல்லன்னு சொல்லுச்சு. அந்த வாயை நல்லாப் பாத்துட்டேன். அது எனக்கு வேணாம்."

அந்த மனுசன் பிழைக்கவில்லை. ஒரே பெண் பிள்ளை. அதற்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. என் கடையில் ஓடுகிற பெரிய ஜெராக்ஸ் மெஷின் அக்கா பேரில் வாங்கினதுதான். பைக் லோனில் தவணை விட்டு என் பேர் ஏற்கெனவே நாறிப்போயிருந்தது. பழைய மெஷின் பேப்பரை மென்று துப்ப ஆரம்பித்ததும் இதே அக்காவிடம்தான் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் கவரிலிருந்து கார்டை எடுத்து வைத்தது. அதன்பிறகு அக்காவிடம் காப்பிக்குக் காசு வாங்கினதில்லை. அதை ஒரு பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கோர் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. போனிலேயே கிரெடிட் ஸ்கோர் பார்க்கலாம் என்று வந்ததும் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளையாட்டாகப் பார்த்துச் சொல்வேன். முந்நூற்றில் ஆரம்பித்துத் தொள்ளாயிரத்தில் முடிகிற ஒரு நம்பர். எனக்கு ஐந்நூற்றுச் சொச்சம். எதிர்த்த கடை பலசரக்கு அண்ணாச்சிக்கு ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் கடன் வாங்காத மனுசன், பேங்கில் லட்சக்கணக்கில் கிடக்கிறது, அவருக்கு ஸ்கோரே கிடையாது என்று வந்தது. "போடா, நான் என்ன பொறக்கவே இல்லையா?" என்று கோபித்துக்கொண்டு போனார். அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். எழுநூற்றி எண்பத்தொன்று.

"எம்புட்டுக்கு தம்பி?"

"தொள்ளாயிரத்துக்கு."

"அப்ப பாஸா?"

"பாஸா? இந்த ரோட்டுலயே நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட்டு."

அக்கா முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றதாம். தனக்காக ஒரு ரூபாய் லோன் வாங்கினதில்லை. ஆனால் அதன் பேரில் வாங்கின ஐந்து பேரும் அதுவரை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் என்ன கண்டது? இந்த அம்மாள் ஐந்து கடன் வாங்கி அஞ்சையும் நாள் தவறாமல் கட்டுகிறாள் என்று மார்க்கைப் போட்டுவிட்டது. அதை விளக்கிச் சொன்னேன். அக்காவுக்கு அது புரியவில்லையா, புரிந்தும் பெரிதாகப் படவில்லையா, தெரியாது.

"அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடு தம்பி. எடுத்து லேமினேஷன் போட்டுக் குடு."

"இதைப் போயி லேமினேஷன் போடுவாகளாக்கா?"

"பாப்பா மார்க் ஷீட்டுக்குப் போட்டோம்ல? அது மாதிரி போடு."

போட்டுக் கொடுத்தேன். முனையெல்லாம் வழுவழுவென்று வெட்டிக் கொடுத்தேன். அதை மகளின் மார்க் ஷீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

பிற்பாடு மனசு கேட்காமல் போனில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். முதன்முதலில் அமெரிக்காவில் இதற்கென்று ஆள் வைத்து நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார்கள். இன்னார் குடிப்பாரா, பெண்டாட்டியோடு சண்டை போடுவாரா, ஒழுங்காகக் கோயிலுக்குப் போவாரா என்று ஊர்ப்பேச்சைக் கேட்டு எழுதி வியாபாரிகளுக்கு விற்றிருக்கிறார்கள். பிறகு கணக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். இந்த வம்பெல்லாம் வேண்டாம், ஆளைப் பார்க்காதே, நிறத்தைப் பார்க்காதே, கட்டினானா இல்லையா என்று மட்டும் பார் என்று நம்பராக்கினார்கள். படிக்கும்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அந்த நம்பருக்குச் சம்பளம் தெரியாது, சேமிப்பு தெரியாது. தவணை ஏன் நின்றது என்று கேட்கத் தெரியாது. யார் வாங்கினது, யார் கட்டாதது என்றும் தெரியாது. பாரத்தில் இருக்கிற பேர் ஒன்றுதான் தெரியும். ஊர்ப்பேச்சை எழுதுகிறவன் எங்கள் மார்க்கெட்டுக்கு வந்திருந்தால் அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பான். அந்த ஒரு வரி போதும், எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இரண்டு வருஷம் போனது. பாப்பா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியது. மதுரையிலேயே ஒரு தனியார் காலேஜில் பிசியோதெரபிக்கு இடம் கிடைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கை காலை நீட்டி மடக்கிவிட வந்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆசையாம். பன்னிரண்டு நாளைக்குள் முதல் வருஷப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படிப்புக் கடனுக்குப் பேங்கில் பிள்ளையோடு பெற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா தனக்கென்று முதன்முதலாக ஒரு லோன் பாரத்தை நிரப்பியது. நிரப்பினது நான்தான்.

"நீயும் வா தம்பி. இங்கிலீசுல கேட்டாகன்னா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

போனேன். மேனேஜர் நல்ல மனுசர், உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஐந்நூற்றி அறுபத்தெட்டு. அக்காவுக்கு அது பிடிபடவில்லை. ரொம்பப் பெருமையாக, கட்டைப் பைக்குள் கை விட்டு அந்த லேமினேஷன் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தது.

"சார், எனக்கு எழுநூத்தி எம்பத்தொண்ணு சார். இதோ இருக்கு பாருங்க."

மேனேஜர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

"அம்மா, இது ரெண்டு வருசத்துக்கு முந்தினது. இது மாசா மாசம் மாறும்மா."

"மார்க்கு மாறுமா சார்? வாங்குன மார்க்கு வாங்குனதுதான?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டது. மேனேஜரே தன்மையாகச் சொன்னார். "பழசுல அங்கங்க லேட்டாக் கட்டியிருக்கு, அதை நான் மேல பேசிக்கிறேன். ஒரே ஒரு லோன் மட்டும் இப்பவும் நிலுவையில நிக்குது. ரெண்டு தவணை. எதுன்னு ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க. அதைக் கட்டிட்டு, கட்டியாச்சுன்னு கம்பெனி லெட்டரை வாங்கிட்டு வாங்க. நான் அனுப்பி வைக்கிறேன்."

நிம்மதியாக வெளியே வந்தோம். அதாவது, அவர்கள் இருவரும் நிம்மதியாக வந்தார்கள்.

எனக்கு அப்போதே தெரியும். அந்த ரெண்டு தவணை என்னுடையது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஜெராக்ஸ் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அடுத்த மாசம் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டிருந்தேன். நடுவில் அக்கா போனுக்குக் கம்பெனியிலிருந்து பேசியிருக்கிறார்கள். "தம்பி, யாரோ இங்கிலீசுல சளசளன்னு பேசுறான்ப்பா" என்று என்னிடம்தான் வந்து சொன்னது. "லோன் வேணுமான்னு கேக்குறவனுகக்கா, கட் பண்ணிருங்க" என்று சொல்லியிருந்தேன்.

கடைக்கு வந்து ரிப்போர்ட்டைப் பிரிண்ட் போட்டேன். ஒன்பது பக்கம். அக்கா கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றது. பக்கத்தில் பாப்பா. பின்னால் ஜாதிச் சான்றிதழுக்கு நாலு பேர் நின்றார்கள். ஆறாம் பக்கத்தில் என் மெஷின் லோன் இருந்தது, அதை ஒட்டியே கட்டாத அந்த ரெண்டு மாசமும் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் லோடு ஆட்டோ. அது அக்காவின் கூடப்பிறந்த தம்பி வாங்கினது. சமயநல்லூரில் இருக்கிறார். நடுவில் மூன்று மாதம் இழுத்துவிட்டு அப்புறம் வட்டியோடு கட்டி முடித்துவிட்டார்.

"எது தம்பி அது?"

நாலு பேர் பார்க்கிறார்களே என்று இருந்தது. ரெண்டு நாளில் கட்டிவிடலாம், கட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"லோடு ஆட்டோக்கா."

சண்டாளன் நான். வேறு வார்த்தை இல்லை.

அக்கா அப்படியே பஸ் ஏறிச் சமயநல்லூர் போனது. நடந்ததை அதுவே மறுநாள் வந்து சொன்னது. தம்பி வீட்டு வாசலில் நின்று, தம்பி பெண்டாட்டி, அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க, "எம் புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டியேடா" என்று கத்தியிருக்கிறது. அந்த மனுசன், "நான் கட்டிட்டேன்க்கா, மீனாச்சி மேல சத்தியமாக் கட்டிட்டேன்" என்று கையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாடா? ஜெராக்ஸ் கடைல படிச்ச தம்பி பக்கத்தைத் தொட்டுக் காட்டுச்சு" என்று அக்கா சொல்லியிருக்கிறது. பாப்பா பெரியவளானபோது பதினொரு தட்டு சீர் கொண்டுவந்து ரோட்டையே நிறுத்தின தாய்மாமன் அவர். "இனிமே உன் வாசப்படி மிதிச்சா என்னைய என்னான்டு கேளு" என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

நான் நாலாம் நாள் கட்டினேன். என் வீட்டுக்காரி தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். கட்டினதும் ரிப்போர்ட்டில் மறைந்துவிடும் என்று நினைத்தேன். காலையில் பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது. சாயங்காலம் பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால், எடுத்த பெண் "ஸ்கோர்ல ஏற ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும் சார்" என்கிறாள். தவணை தவறினதை மட்டும் கரெக்டாகச் சொல்லத் தெரிந்தவனுக்குக் கட்டினதைச் சொல்ல ஒன்றரை மாசம் வேண்டும். ஆனால் லெட்டர் கேட்டால் தருவார்களாம். கேட்டேன். ஆறாம் நாள் மெயிலில் வந்தது.

என் மெஷினிலேயே பிரிண்ட் எடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். அதை மேனேஜர் கையில் கொடுத்திருந்தால் முடிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போகும்போது உள்ளே பார்த்தேன். அக்காவும் பாப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி கட்டவில்லை, வேறு ஏதாவது வழி உண்டா என்று கேட்க வந்திருக்கிறார்கள். நான் இந்த லெட்டரை நீட்டினால் மேனேஜர் சத்தமாகப் படிப்பார். ஜெராக்ஸ் மெஷின் லோன் என்று படிப்பார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் முடிந்தது. காலேஜில் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த லெட்டர் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. கிழிக்கத் தைரியமில்லை, எடுத்துக் கொடுக்கவும் தைரியமில்லை.

அப்புறம் ஒரு மாசம் அக்கா கடைப் பக்கம் வரவில்லை. மார்க்கெட்டில் பார்த்தவர்கள் சொன்னார்கள். தம்பி ஆள் மூலமாக ஆட்டோ லோன் முடித்த பேப்பரைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதையும் அந்த ஒன்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா வேறு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. வரட்டும், நாலு பேர் முன்னால் செருப்பால் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வந்தது. வழக்கம்போலப் பத்தரைக்கு, தலையில் வெங்காயச் சருகோடு. பாப்பாவின் மார்க் ஷீட்டை நீட்டியது.

"ரெண்டு காப்பி போடு தம்பி. டவுனுல ஜவுளிக்கடைல ஆளு எடுக்குறாகளாம். நிக்கிற வேலைதான். பாப்பா போறேன்னுருச்சு."

மார்க் ஷீட்டை மெஷினில் வைத்து மூடினேன். உள்ளே வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இந்த மெஷினா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்லாத் தெளிவா விழுகுது."

காப்பியை நீட்டினேன். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு ரூபாயை எடுத்துக் கவுண்டரில் வைத்தது. மெஷின் வாங்கின பிறகு இதுதான் முதல் தடவை. "வேணாங்க்கா, எடுத்துக்கங்க" என்றேன். "இருக்கட்டும்" என்றது. அந்த லேமினேஷன் அட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காசு பக்கத்தில் வைத்தது. "இது எனக்கு எதுக்கு? இனிமே யாருக்கும் என் பேருல எதுவும் தரமாட்டாக. நேத்துக்கூட ஒரு புள்ள தையல் மெஷினுக்குக் கேட்டு வந்துச்சு. செல்லாதும்மான்னு அனுப்பிட்டேன். இல்லன்னு என் வாயால சொல்லிட்டேன் தம்பி."

படி இறங்கினது, நின்று திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு தவணைதான? எங்கிட்ட சொல்லியிருந்தா அதையும் நானே கட்டியிருப்பேனே."

ஜாதிச் சான்றிதழுக்கு வந்த ஒருவர், "அண்ணே, நமக்கு ஒரு காப்பி" என்று பேப்பரை நீட்டினார். வாங்கி மெஷினில் வைத்தேன். பைக் லோனை அடைத்து நாலைந்து வருஷமாகிவிட்டது, இப்போது என் ஸ்கோர் எழுநூற்றி எழுபதுக்கு மேல். போன மாசம்கூட ஒரு கம்பெனிக்காரன் போன் போட்டு, "உங்களுக்கு நல்ல பேர் இருக்கு சார், லோன் வேணுமா?" என்று கேட்டான்.